சிமெண்ட் தளத்தின் கறைக்கு ஆசிட் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுப் பராமரிப்புப் பக்கத்தில் அண்மையில் வெளியான குறிப்பொன்றில், வாசலில் கார் ஏறி இறங்கும் கான்கிரீட் தளம் வெள்ளை பூத்தோ திட்டுத் திட்டாகக் கறுத்தோ போனால், கடையில் கிடைக்கும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிவிட்டால் புதுத்தளம் போலாகிவிடும் என்று எழுதப்பட்டிருந்தது. கட்டுமானப் பணிகளை நெடுங்காலம் மேற்பார்வையிட்டவன் என்ற முறையில், இந்த யோசனை பல வீடுகளில் பயன்தராது என்பதையும், சில வீடுகளில் தளத்தையே கெடுத்துவிடும் என்பதையும் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

கடைகளில் ஆசிட் என்று பொதுவாக விற்கப்படுவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சிமெண்ட் காரத்தன்மை கொண்ட பொருள். தளத்தின் மேல் படிந்திருக்கும் வெள்ளை உப்பு எது, மணலையும் ஜல்லியையும் பிடித்து வைத்திருக்கும் சிமெண்ட் எது என்று அமிலம் பிரித்துப் பார்க்காது. இரண்டையும் சேர்த்தே கரைக்கும். ஊற்றியவுடன் நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கு கரைகிறது என்று மகிழ்கிறோமே, அந்த நுரையில் கொத்தனார் கரணை போட்டு இழைத்த மேல்தோலும் சேர்ந்தே போகிறது. அப்படிக் கழுவப்பட்ட ஒரு தளத்தை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். முதல் வாரம் பளிச்சென்றுதான் இருந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் மேல்தோல் போன இடமெல்லாம் மணல் வெளியே துருத்திக்கொண்டு, செருப்பு வைத்தால் நறநறத்தது. அந்தச் சொரசொரப்பில் தூசியும் பாசியும் முன்பைவிட எளிதாக ஒட்டிக்கொண்டதால் தளம் பழையபடி கறுத்தது மட்டுமல்ல, கழுவினாலும் போகாத அளவுக்குக் கறுத்தது. ஓரிடத்தில் கம்பி வலையின் கட்டங்கள் மஞ்சளும் பழுப்புமாக மேலே தெரியத் தொடங்கியிருந்தன.

இந்தக் கம்பி விஷயம் சாதாரணமானதல்ல. கார் ஏறும் தளங்களில் விரிசலைத் தடுக்க வலைக்கம்பி போடுவது வழக்கம். கம்பி போட்ட கான்கிரீட்டின் ஒரு கன மீட்டரில் குளோரைடு 0.6 கிலோவுக்கு மேல் இருக்கலாகாது என்று இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 வரம்பு விதிக்கிறது. குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதே காரணம். கலவை போடும்போது இவ்வளவு கவனமாகத் தவிர்க்கும் ஒன்றை, தளம் இறுகிய பிறகு பாட்டில் பாட்டிலாக மேலே ஊற்றுவதில் என்ன பொருள் இருக்கிறது?

கறையைப் போக்குவதற்கு முன் அது என்ன கறை என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. வெள்ளைத் திட்டின் மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் திட்டு மறைந்து, காய்ந்தபின் அதே இடத்தில் திரும்பத் தோன்றுமானால், அது பெரும்பாலும் உப்புப் பூத்தல். அதன் மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டால் மெல்லப் பொரியும். கறை ஆரஞ்சு அல்லது செம்பழுப்பு நிறத்தில் இருந்தால் இரும்பின் வேலை. ஈரத்தில் வழுக்கினால் பாசி. தண்ணீரை உறிஞ்சாமல் முத்து முத்தாக நிறுத்தி வைத்தால் எண்ணெய். இவற்றில் எதுவும் இல்லாமல், தளத்தின் உடம்பிலேயே ஊறியது போல வெளிர் சாம்பலும் கரும்சாம்பலும் மாறி மாறித் தெரிந்தால், அது வெளியிலிருந்து வந்த கறையே அல்ல. தளம் போட்டபோதே உண்டான நிற வேறுபாடு. இந்தக் கடைசி வகைக்குத்தான் பலரும் ஆசிட்டை ஊற்றி ஏமாறுகிறார்கள் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் உப்புப் பூத்தலைச் சொல்லிவிடுகிறேன்.

சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சுண்ணாம்பு, உண்டாகிறது. தளத்துக்குள் இருக்கும் ஈரம் அதைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போக, சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக மாறி வெள்ளையாகப் படிகிறது. இந்தச் சுண்ணாம்பு சூடான நீரைவிடக் குளிர்ந்த நீரில் அதிகம் கரையும் தன்மை உடையது. குளிர்காலத்தில் ஈரம் மெதுவாகவே ஆவியாவதால் உப்பு மேல்பரப்பு வரை வந்து சேரவும் அவகாசம் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி விழும் நாட்களில்தான் நம் வீட்டு வாசல்களில் வெள்ளை அதிகம் பூப்பதற்கு இதுவே காரணம். புதுத்தளமானால் அஞ்ச வேண்டியதில்லை. முதலில் தண்ணீர் படாமல் விறைப்பான பிரஷ்ஷால் காய்ந்த உப்பைத் தேய்த்துக் கூட்டி அள்ளிவிட வேண்டும். கூட்டாமல் தண்ணீரை ஊற்றினால், இன்னும் கரையும் நிலையில் இருக்கும் உப்பு மறுபடி தளத்துக்குள்ளேயே இறங்கும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, உலரவிட்டு, மீண்டும் பூத்தால் மீண்டும் அதையே செய்ய வேண்டும். உள்ளிருக்கும் கரையும் சுண்ணாம்பு குறையக் குறைய, பூப்பதும் குறைந்து நின்றுவிடும்.

நெடுநாள் விட்டுவிட்டதால் கெட்டிப்பட்டுப்போன வெள்ளைக்கு மட்டும் வினிகரையோ, கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தின் நீர்த்த கரைசலையோ பயன்படுத்தலாம். அதையும் தளத்தை நன்றாக நனைத்த பிறகே ஊற்ற வேண்டும். சில நிமிடங்களில் ஏராளமான தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். பல ஆண்டுகளான தளத்தில் திடீரென்று வெள்ளை பூக்கத் தொடங்கினால், கறையை விட்டுவிட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதே முறை. தொட்டியின் வெடிப்பு, பூமிக்கடியில் போகும் குழாயின் கசிவு, மழைநீர் வடிய வழியில்லாத மதில் ஓரம் ஆகியவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இனி நிற வேறுபாட்டுக்கு வருகிறேன். கான்கிரீட்டின் சாம்பல் நிறத்துக்குப் பெரிதும் காரணம் சிமெண்ட்டில் இருக்கும் இரும்பு கலந்த சேர்மம். அது தண்ணீரோடு முழுமையாக வினைபுரிந்தால் வெளிறும். வினைபுரியாமல் நின்றுபோனால் கறுப்பாகவே இருக்கும். எனவே ஒரே தளத்தில் ஓரிடத்தில் தண்ணீர் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் இருந்தால், நிறமும் அப்படியே இரண்டாகப் பிரியும். தண்ணீர் தாராளமாக ஊற்றிக் கலந்த சட்டிகள் வெளிறும், கெட்டியாகக் கலந்தவை கறுக்கும். பளபளப்பு வரவேண்டும் என்று கரணையை அழுத்தி மீண்டும் மீண்டும் இழைத்த இடமும் கறுக்கும். சீக்கிரம் இறுகுவதற்காகக் கால்சியம் குளோரைடு கலந்த மருந்தைச் சேர்த்தால், அது மேற்சொன்ன இரும்புச் சேர்மத்தின் வினையைத் தாமதப்படுத்துவதால் தளம் திட்டுத் திட்டாகக் கறுக்க வாய்ப்பு அதிகம். வேலை பாதியில் நிற்கும்போது ஒரு வகை சிமெண்ட் தீர்ந்து, அவசரத்துக்கு வேறு வகை மூட்டை வாங்கி வந்து சேர்த்தால், கோடு கிழித்தது போல நிறம் மாறும். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட், இரும்பு ஆலைக் கசடு கலந்த சிமெண்ட், சாதாரண சிமெண்ட் மூன்றும் ஒரே நிறமுடையவை அல்ல. இவற்றில் கசடு கலந்ததில் முதலில் தெரியும் நீலப்பச்சைச் சாயல் மட்டும் காற்றும் வெயிலும் பட்டால் தானே மறைந்துவிடும். அதற்கு யாரும் செலவு செய்ய வேண்டாம்.

புதிதாகப் போட்ட தளம் நன்கு இறுகும்வரை அதை ஈரமாக வைத்திருக்க பிளாஸ்டிக் தாள் போர்த்தும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. நல்ல முறைதான், ஆனால் தாள் தளத்தின் மேல் ஒட்டாமல் சுருக்கம் விழுந்து தூக்கிக்கொண்டு நிற்குமானால் தொட்ட இடம் ஒரு நிறமும் தொடாத இடம் வேறு நிறமுமாகப் போகும். ஒரு வீட்டில் தாளை எடுத்தபோது அதன் மடிப்புகள் ஒவ்வொன்றும், மூலையில் பாரத்துக்கு வைத்திருந்த செங்கற்களின் தடம் உட்பட, தளத்தில் வரைபடம் போலப் பதிந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் சிமெண்ட் கம்பெனியின் மேல் பழி போட்டார். மேஸ்திரி மணலின் மேல் போட்டார்.

இத்தகைய நிற வேறுபாட்டைக் குறித்து அமெரிக்காவின் போர்ட்லண்ட் சிமெண்ட் சங்கத்தின் ஆய்வுக்கூடம் 1966-இலேயே விரிவான ஆய்வை வெளியிட்டிருக்கிறது. வீட்டு வாசல்களில் கார் ஏறும் தளங்கள் அங்கே மிகுதி என்பதால் இது அவர்களுக்கு அன்றாடப் புகார். அந்தத் துறையில் அன்று முதல் சொல்லப்பட்டு வரும் முதல் மருந்து வெந்நீர். நிற வேறுபாடு தெரிந்தவுடனே, நாள் கடத்தாமல், தளத்தை வெந்நீரால் அலசி விறைப்பான பிரஷ்ஷால் தேய்த்து, இரவு முழுதும் உலரவிட்டு, மறுநாளும் அதையே செய்ய வேண்டும். சில சுற்றுகளிலேயே பெரும்பாலான திட்டுகள் மங்கிவிடும். அதற்கும் அசையாத கறுப்புத் திட்டுகளுக்கு டை அம்மோனியம் சிட்ரேட் என்னும் உப்பை 100-க்கு 20 முதல் 30 பங்கு வரை தண்ணீரில் கரைத்து, காய்ந்த தளத்தின் மேல் பூசி, சுமார் 15 நிமிடங்கள் உலராமல் பார்த்துக்கொண்டு, பிறகு தேய்த்துக் கழுவும் முறை உண்டு. ஆய்வுக்கூடங்களுக்கு ரசாயனம் விற்கும் கடைகளில் இது கிடைக்கும். கடுமையான அமிலங்கள் ஜல்லியையும் மணலையும் வெளிக்காட்டிவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்றும் அங்கே திட்டவட்டமாகவே சொல்கிறார்கள். இவை எதுவும் செய்யாமல் விட்டாலும் மழையும் வெயிலும் மாறி மாறிப் பட, காலப்போக்கில் வேறுபாடு பெருமளவு மங்கும். பொறுமை உள்ளவர்களுக்கு இதுவே செலவில்லாத வழி.

நம் ஊரின் தனிப்பட்ட தொல்லை ஒன்று உண்டு. அது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். இரும்புச் சத்து அதிகமுள்ள தண்ணீரை வாளியில் பிடித்தால் தெளிவாகத்தான் இருக்கும். காற்றுப் பட்ட சிறிது நேரத்தில் மஞ்சளாகிவிடும். அந்தத் தண்ணீரைப் பாத்தி கட்டி நிறுத்திய தளங்கள், பாத்தி இருந்த அளவுக்குத் துல்லியமாகப் பழுப்பேறி நிற்பதைப் பல ஊர்களில் காணலாம். கான்கிரீட் இறுகும் நாட்களில் அதை ஈரமாக வைத்திருக்கப் பயன்படும் தண்ணீர் மேல்பரப்பில் கறை படிய விடலாகாது என்றும், அதில் இரும்புச் சேர்மங்களும் டானிக் அமிலமும் இருப்பது ஏற்கத்தக்கதல்ல என்றும் ஐ.எஸ். 456 வெளிப்படையாகவே கூறுகிறது. டானிக் அமிலம் என்றதும் ஏதோ தொழிற்சாலைச் சரக்கு என்று எண்ண வேண்டாம். மரப்பட்டையிலும் இலைகளிலும் இருக்கும் துவர்ப்புச் சத்துதான் அது. வைக்கோலைப் பரப்பித் தண்ணீர் தெளிக்கும் பழைய முறையில் தளம் மஞ்சள் பழுப்பாவதும் தாவரச் சாறு இறங்குவதால்தான். வாசலில் நிற்கும் வாதா மரத்தின் சருகு மழையில் நனைந்து கிடந்தால் இலையின் வடிவமே தளத்தில் அச்சாகப் படிவதும் அப்படியே. இலைக்கறையை வெயிலே வெளுக்கச் செய்யும். இரும்புக்கறை அப்படிப் போகாது. அதற்கு ஆக்ஸாலிக் அமிலம் அல்லது சிட்ரிக் அமிலத்தின் கரைசலைத் தடவிச் சற்று நேரம் விட்டுக் கழுவினால் நல்ல பலன் கிடைக்கும். ஆனால் ஆக்ஸாலிக் அமிலம் நச்சுத்தன்மை உடையது, கையுறை இல்லாமல் தொடலாகாது. தண்ணீரை மாற்றாமல் கறையை மட்டும் நீக்கினால் அடுத்த மாதமே அது திரும்ப வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எண்ணெய்க் கறைக்குச் சுருக்கமான வழி, ஈரம் காயும் முன் மரத்தூளைக் கொட்டி உறிஞ்ச வைத்து, பிறகு சோப்புத்தூளைக் குழைத்துத் தேய்ப்பது. பழைய கறைக்கு, சோப்புத்தூளையும் மாக்கல் தூளையும் வெந்நீரில் கெட்டியாகக் குழைத்துப் பற்றுப் போட்டு, காய்ந்தபின் சுரண்டி எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைப்பதால் எண்ணெய் இன்னும் ஆழத்துக்குத்தான் போகும்.

பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல் போதுமானது. இங்கேதான் நான் மிகவும் அஞ்சும் ஆபத்து இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் தூவிப் பாசி போகவில்லை என்று அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மதில் சூழ்ந்த கார் நிறுத்தும் இடத்தில், குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவரின் மூச்சில் நேராக அது புகும். பெரும்பாலான வீடுகளில் குனிந்து தேய்ப்பவர் வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி என்பதையும், அவருக்குக் கையுறையோ முகக்கவசமோ தரப்படுவதில்லை என்பதையும் இந்த யோசனைகளைச் சொல்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசிட் வாங்குபவரின் அடையாளத்தைப் பதிந்து, வயது பார்த்துத்தான் விற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டிருந்தும், பழைய குளிர்பான பாட்டில்களில் அடைத்து, மேலே என்ன சரக்கு, என்ன வீரியம் என்ற சீட்டுகூட இல்லாமல் விற்பது இன்னும் நின்றபாடில்லை. அப்படிப்பட்ட பாட்டிலை எத்தனை மடங்கு தண்ணீரில் கலப்பது என்று யார் சொல்ல முடியும்?

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது, பல வீடுகளில் வாசல் கேட்டை ஒட்டிக் குறுக்காகப் பள்ளம் எடுத்து, மேலே கம்பிச் சல்லடை மூடி போட்டு, தளத்தில் விழும் மழைநீர் முழுவதும் அதில் இறங்கும்படி அமைத்தார்கள். கார் ஏறும் தளத்தின் சரிவு அந்தப் பள்ளத்தை நோக்கியே இருக்கும். ஆசிட் கழுவலும் எண்ணெய்க் கழுவலும் பிளீச்சிங் கழுவலும் நேராக அதற்குள்தான் போகின்றன. அங்கிருந்து நம்முடைய, பக்கத்து வீட்டாருடைய கிணற்றுக்கு. எந்தக் கரைசலைப் பயன்படுத்தினாலும், பள்ளத்தின் வாயைச் சாக்குப்பையும் மணலும் வைத்து அடைத்து, கழிவை ஒற்றி எடுத்து அப்புறப்படுத்திய பிறகே திறந்துவிட வேண்டும்.

கறையை மறைத்துவிடலாம் என்று மேலே பெயிண்ட்டோ எபாக்ஸியோ அடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கீழிருந்து ஈரம் ஏறும் தளத்தில் காற்றுப் புகாத பூச்சை அடித்தால் அது கொப்பளித்து உரியும். ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் தாளின் அடியில் முத்து முத்தாக நீர் படிந்திருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும். தண்ணீரை மட்டும் தள்ளி, ஆவியை வெளியே விடும் சிலேன், சிலாக்சேன் வகைப் பூச்சுகள் ஏற்றவை. அதையும் தளம் போட்டு 28 நாட்களாவது கழிந்து, நன்கு உலர்ந்த பிறகே அடிக்க வேண்டும். உடைத்துவிட்டு ஒட்டுப் போடுபவர்கள், புதிய ஒட்டு பழைய தளத்தைவிடக் கறுப்பாகத் தெரியும் என்பதை முன்கூட்டியே அறிந்து, சிமெண்ட்டில் ஒரு பங்கை வெள்ளை சிமெண்ட்டாகக் கலந்து, ஓரத்தில் சிறு மாதிரி போட்டுக் காயவைத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

புதிதாகத் தளம் போடுபவர்கள் மேஸ்திரியிடம் நான்கு விஷயங்களை முன்னதாகவே பேசி முடித்துக்கொண்டால் இந்தக் கடிதத்தின் பெரும்பகுதி அவர்களுக்குத் தேவைப்படாது: முழுத் தளத்துக்கும் ஒரே வகை, ஒரே தொகுதி சிமெண்ட், எல்லாச் சட்டிக்கும் அளந்து ஊற்றிய தண்ணீர், மேல்பரப்பு நெகிழ்ந்திருக்கும்போது உலர் சிமெண்ட்டைத் தூவித் தேய்க்காமை, இரும்புக் கறை இல்லாத தண்ணீரில் இடைவிடாத ஈரம். சாதாரண சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், சாம்பலோ கசடோ கலந்த சிமெண்ட்டுக்குக் குறைந்தது 10 நாட்களும் தளம் ஈரமாக இருக்க வேண்டும்; வெயில் காலமானால் 14 நாட்கள் வைத்திருப்பது நல்லது. காலையில் ஒரு முறை குழாயைப் பிடித்துத் தெளித்துவிட்டு, மதியம் வெள்ளையாகக் காய்ந்து கிடக்க விட்டு, மாலையில் மீண்டும் தெளிப்பதை ஈரத்தில் வைத்திருப்பதாகக் கணக்கில் கொள்ள முடியாது. நிறத்திட்டுகள் பலவும் அந்த மதிய வேளைகளில்தான் உண்டாகின்றன.

வீட்டுக் குறிப்புகளைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டி வைத்துக்கொள்ளும் வாசகர்கள் தங்கள் நாளிதழுக்கு ஏராளம். ஆகவே, அந்தக் குறிப்பு வெளியான அதே பக்கத்தில், ஆசிட்டைப் பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் சேர்க்கலாகாது என்பதையும், கம்பி போட்ட தளத்தில் அதை ஊற்றவே கூடாது என்பதையும் ஒரு திருத்தமாக வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கட்டுமான மேற்பார்வையாளர் ஒருவர்,
தாம்பரம்.